மஞ்சள் வயர், சிவப்பு வயர்

காசிமேட்டு விசைப்படகுக்காரருக்கு பேட்டரியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கரையை விட்டுக் கிளம்பினால் ஒரு வாரம், பத்து நாள் என்று கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்கள். வயர்லெஸ், ஜிபிஎஸ், மீன் கூட்டம் காட்டும் எக்கோ கருவி, ராத்திரி விளக்கு எல்லாமே படகில் இருக்கும் பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன. எஞ்சினை நிறுத்திவிட்டால் எதை எரியவிடலாம், எதை அணைத்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு கார் ஷோரூம் எழுத்து மூலமாகவே பதில் கொடுத்தது: பேட்டரியைப் பராமரிக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டீர்கள், காரில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் இந்த வழக்கை எடுப்பது என்று முடிவு செய்தேன்.

கட்சிக்காரரின் பெயர் இங்கே வேண்டாம். சூரியநாராயண செட்டித் தெருவிலிருந்து கடல் பக்கம் பிரியும் சந்து ஒன்றில் வீடு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு படகு வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டுபவர் இவர். 2022 பொங்கலை ஒட்டி வடசென்னையிலேயே ஒரு ஷோரூமில் சின்ன பெட்ரோல் கார் வாங்கினார். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் கார். கொஞ்சம் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஷோரூமின் பெயரையும் காரின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. வழக்கு முடிந்து, உத்தரவும் நிறைவேறிவிட்டது.

மாசி மாதத்தில் வண்டி முதல் தடவை படுத்தது. கடல் தங்கல் முடித்து விடியலுக்கு முன்பே கரை சேர்ந்து, மீனை ஏலத்தில் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சாவியைத் திருப்பியிருக்கிறார். 'டக்'கென்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. மீன் ஏற்றும் லோடு வண்டி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, ஒயர் போட்டுக் கிளப்பினார்கள். ஷோரூமில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த தங்கலுக்குப் போய்வந்ததும் மறுபடி அதே கதை. மறுபடி சார்ஜ். ஏப்ரல் தொடக்கத்தில் பேட்டரியையே மாற்றிக் கொடுத்தார்கள். ஜூன் மாதத்தில் அந்தப் புது பேட்டரியும் படுத்தது.

தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் என் அலுவலகத்துக்கு அவர் வந்தபோது ஈரம் படாத கெட்டி பாலித்தீன் உறை ஒன்றில் எல்லாக் காகிதத்தையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். கடலுக்குப் போகிறவர்கள் படகுப் பதிவுப் புத்தகத்தை அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

"புதுசா வேற கார் வாங்கிக் குடுங்க சார். இது வேணா" என்றார்.

"வேற கார் கிடைக்கிறது கஷ்டம்ண்ணே. பேட்டரி ஏன் சாகுதுன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும். அது தெரிஞ்சாத்தான் யார்கிட்ட என்ன கேக்கலாம்னு சொல்ல முடியும்."

"அதான் சார் எனக்கும் வேணும். ஏன்னு ஒர்த்தரும் சொல்ல மாட்றாங்க. நீ ஓட்றது சரியில்ல, நீ நிறுத்தி வெக்கிறது சரியில்லன்னு என்னியே சொல்றாங்க."

புதுக் கார் கோளாறு என்று வருகிற எல்லோரும் முதலில் கேட்பது மாற்றுக் காரைத்தான். அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் மாருதி உத்யோக் நிறுவனத்தின் வழக்கு ஒன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது: வாரண்டி கெட்ட பாகத்தைச் சரிசெய்யவும் மாற்றித் தரவும் உறுதி தருகிறதென்றால், கிளட்ச் கோளாறுக்காக முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது. கிளட்சுக்கே அப்படியென்றால் பேட்டரிக்குக் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, கார் கம்பெனியின் வாரண்டியில் பேட்டரியும் டயரும் பெரும்பாலும் சேராது. அவற்றைச் செய்த கம்பெனிகளின் வாரண்டி தனியாக இருக்கும். வாங்குகிறவர் யாரும் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

பேட்டரி டவுன் ஆவது அபூர்வமான கோளாறும் இல்லை. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன உரிமையாளர் சங்கம் ஆண்டுதோறும் தன் சாலையோர உதவி வண்டிகளின் கணக்கை வெளியிடுகிறது. அங்கே வழியில் நின்றுபோகும் வண்டிகளில் பத்துக்கு நாலுக்கும் மேல் 12 வோல்ட் பேட்டரியால்தான் நிற்கின்றன. மின்சாரக் கார் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலும் கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யும் கருவியில் குறை இருக்கலாம் என்று ஹூண்டாய் நிறுவனம் 2024-ல் அயோனிக் 5 கார்களை இந்தியாவிலும் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. இத்தனை சாதாரணமான கோளாறு என்பதால் எந்த ஷோரூமிலும் இதற்கு ஒரு தயார் பதில் இருக்கும்: வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்தீர்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட. எந்தப் பாதி என்று பார்ப்பதுதான் வழக்கறிஞரின் வேலை.

காகிதங்களை மேசையில் பரப்பினோம். ஜாப் கார்டுகளில் வாடிக்கையாளர் சொன்னதை எழுதும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் 'ஸ்டார்டிங் டிரபிள்' என்றே இருந்தது. செய்த வேலை என்ற இடத்தில் 'பேட்டரி சார்ஜ் செய்யப்பட்டது, ஓகே'. அவற்றோடு பேட்டரி டெஸ்டர் கருவி துப்பிய துண்டுச் சீட்டுகளும் பின் குத்தியிருந்தன. பஸ் டிக்கெட் அளவுதான் இருக்கும். அதில் பெரும்பாலும் வரும் முடிவுகள் மூன்று: நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டும், நன்றாக இருக்கிறது ஆனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். முதல் இரண்டு சீட்டுகளிலும் மூன்றாவது முடிவுதான் இருந்தது. அதாவது, அவர்கள் கருவியே பேட்டரி நல்ல பேட்டரி என்று சொல்லியிருக்கிறது. அதில் இருந்த கரண்ட் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. இந்தச் சீட்டுகள் சூடு பட்டால் எழுத்து வரும் காகிதம். சில மாதத்தில் வெளுத்து வெறும் வெள்ளையாகிவிடும். கீழே போய் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னேன்.

பிறகு அவருடைய படகின் டீசல் பில், ஐஸ் பில்களைக் கொண்டுவரச் சொன்னேன். எதற்கு என்பதுபோல் பார்த்தார். படகு கரையை விட்ட தேதிகள் அவற்றில்தான் இருந்தன. இடது பக்கம் படகு போய்வந்த தேதிகள், வலது பக்கம் ஜாப் கார்டுத் தேதிகள் என்று எழுதிப் பார்த்தால், கார் படுத்தது ஒவ்வொரு தடவையும் அவர் கரைக்கு வந்த அன்றோ மறுநாளோதான். வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. அவர் கடலில் இருக்கும் நாளெல்லாம் கார் சந்தில் நிற்கும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2016 வரை 45 நாளாக இருந்து, பிறகு கூடியது. அந்த 61 நாளும் அவர் கரையில் இருந்தார், காரைத் தினமும் எடுத்தார், ஒரு புகாரும் இல்லை. ஷோரூம் தன் பதில் கடிதத்தில் இதையே தனக்குச் சாதகமாக எழுதியிருந்தது: பேட்டரி மாற்றிக் கொடுத்த பிறகு இரண்டு மாதம் வண்டி நன்றாகத்தானே ஓடியது? எனக்கு அந்த வரி பெரிய உதவி. தினமும் ஓடினால் நன்றாக இருக்கிறது, சில நாள் நின்றால் செத்துப்போகிறது. தடை முடிந்து முதல் தங்கலுக்குப் போய்வந்ததுமே மறுபடி படுத்தது என்பதற்கு அவர்கள் ஜாப் கார்டே சாட்சி.

சும்மா நின்ற கார் டவுன் ஆவது இயற்கைதானே என்று கேட்கலாம். இயற்கைதான், ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. இந்தக் காரில் இருந்தது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. சாவியை எடுத்துக்கொண்டு போனபிறகும் கடிகாரம், அலாரம், எஞ்சின் கம்ப்யூட்டரின் ஞாபகம் இவற்றுக்காகக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பதுதான் முறை. 30 மில்லி என்று வைத்தால் பத்து நாளில் ஏழு ஆம்பியர் அவர் செலவாகும், ஐந்தில் ஒரு பங்கு. மீதி இருப்பதில் செல்ஃப் தாராளமாக எடுக்கும். பத்து நாள் நின்று புது பேட்டரி முழுதும் வற்றுகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஈய-அமில பேட்டரி இப்படி அடிக்கடி அடிவரை வற்றினால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. காரணத்தைச் சரிசெய்யாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் புது பேட்டரியும் அதே வழியில் போகும். இங்கே நடந்தது அதுதான்.

ஓட்டை இருப்பதை என் கட்சிக்காரர் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். ஜூலையில் கடலுக்குப் போகும் முன்பு, படகைக் கட்டிப்போடும்போது செய்கிற மாதிரி, காரின் எர்த் டெர்மினலைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து மாட்டியதும் முதல் சாவிக்கே வண்டி எடுத்தது. அடுத்த தங்கலுக்கு வேண்டுமென்றே கழற்றாமல் போனார். வண்டி எடுக்கவில்லை. எந்த மெக்கானிக்கும் ஒப்புக்கொள்கிற சோதனை இது. இதை ஷோரூமில் போய்ச் சொன்னார். கடிதத்தில் அது இப்படி வந்தது: வாடிக்கையாளர் மின் இணைப்பைத் தானே கழற்றியதால் வாரண்டி செல்லாது.

நோட்டீஸ் அனுப்பினோம். சரியான பதில் இல்லை. அந்த ஆண்டு கடைசியில் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் வந்தபிறகு புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். ஷோரூம் முதல் எதிர்தரப்பு, கார் கம்பெனி இரண்டாம் எதிர்தரப்பு.

பதிலுரையில் முதல் வாதம், இவர் நுகர்வோரே இல்லை என்பது. படகு வைத்து வணிகம் செய்கிறவர், காரில் ஹார்பருக்குப் போகிறார், ஆகவே வணிக நோக்கம். இதற்கு நாங்கள் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் பாதை போட்டுவிட்டது. தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவை வாங்குகிறவரும் நுகர்வோர்தான். மும்பை லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில், 2019-ல், வாங்கியதன் முதன்மையான நோக்கம் என்ன என்று பார்க்கச் சொன்னது அதே நீதிமன்றம். அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அழைத்துப்போக வாங்கிய வெள்ளை போர்டு வண்டி இது.

இரண்டாவது வாதம்தான் என்னை உறுத்தியது. மனுதாரர் கடற்கரையோரம் வசிப்பவர், உப்புக் காற்றால் மின் இணைப்புகள் அரித்திருக்கலாம், குறுகிய தூரமே ஓட்டுவதால் சார்ஜ் ஏறியிருக்காது. படித்தால் அறிவியல் மாதிரி இருக்கும். ஆனால் உப்புப் பூத்த டெர்மினல் என்று ஒரு ஜாப் கார்டிலும் இல்லை, சார்ஜ் ஏறும் வோல்ட் எவ்வளவு என்று ஒரு அளவும் எடுக்கவில்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் காரை விற்கிறார்கள். விற்கும்போது கடல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? வண்டி நின்றதும்தான் காற்றில் உப்பு ஏறுகிறதா? வடசென்னைக்காரர் கையில் எந்தப் பொருள் கெட்டாலும் அவர் இருக்கும் இடத்தையும் அவர் பிழைப்பையும் காரணமாகச் சொல்லிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இத்தனை ஆண்டு வக்கீல் தொழிலில் ஃபிரிட்ஜுக்கும் கேட்டிருக்கிறேன், மோட்டாருக்கும் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது. உபயோகம் சரியில்லை என்று சொல்கிறவர், எந்த உபயோகம், எவ்வளவு, எதனால் என்று அளந்து காட்ட வேண்டும். விசாரணை முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் புகார்தாரருக்குத்தான். சட்டத்தின் 38-வது பிரிவு அதற்கு வழி கொடுக்கிறது. சோதித்துப் பார்க்காமல் தீர்மானிக்க முடியாத குறை என்றால் பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம், கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும். காரை முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாதே. வாகனப் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை நிபுணராக நியமிக்கக் கேட்டோம். எதிர்தரப்பு ஆட்சேபித்தது, எங்கள் ஒர்க் ஷாப்பில் வைத்துப் பார்க்கட்டும் என்றது. சோதனை பொது இடத்தில், இரு தரப்பு முன்னிலையில் நடக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவு போட்டது.

அந்தக் காலைப் பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஷோரூம் சார்பில் சர்வீஸ் மேனேஜரும் அவர்கள் வழக்கறிஞரும், கம்பெனி சார்பில் ஒரு பொறியாளரும் வந்திருந்தார்கள். என் கட்சிக்காரர் அன்று கடலுக்குப் போகவில்லை. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, 12.6 வோல்ட். எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார் பேராசிரியர். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தது, ஆக சார்ஜிங்கில் குறை இல்லை. டெர்மினலைப் பார்த்தார். உப்பு இல்லை, பச்சை இல்லை, வாசலின் தடவிப் பளபளவென்று இருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து போனால்கூட இந்த வண்டி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்றார். உப்பும் குறுகிய தூரமும் பத்து நிமிடத்தில் வழக்கை விட்டுப் போயின.

பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு, எர்த் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரைச் சேர்த்தார். கதவு பூட்டியதாகக் கார் நம்ப வேண்டும் என்பதற்காகக் கதவின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடினார். முதலில் மீட்டர் 3 ஆம்பியருக்கு மேல் காட்டியது. "கம்ப்யூட்டர் இன்னும் தூங்கல, அரை மணி நேரம் வெயிட் பண்ணுவோம்" என்றார். டீ வந்தது. எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 0.42-ல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகவில்லை. கம்பெனிப் பொறியாளர் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நாள் ஒன்றுக்குப் பத்து ஆம்பியர் அவர். மூன்றரை நாளில் பேட்டரி காலி.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார்கள். எண் அசையவில்லை. காரோடு வந்த எந்தச் சுற்றிலும் கசிவு இல்லை என்று கம்பெனிப் பொறியாளர் உடனே குறித்துக்கொண்டார். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தனியாக ஒரு வயர் உள்ளே போவதைப் பேராசிரியர் கவனித்தார். அதை விரலால் தடவிக்கொண்டே போனால் டேஷ்போர்டுக்கு அடியில், தொடுதிரை மியூசிக் சிஸ்டத்தின் பின்னால் போய் முடிந்தது. நடுவில் தொங்கிய சின்ன ஃபியூஸைக் கழற்றியதும் மீட்டர் 0.03-க்கு விழுந்தது.

பேனலைக் கழற்றச் சொன்னார். இந்த மாதிரி சிஸ்டங்களில் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டியது, ஸ்டேஷன் ஞாபகத்துக்காக. சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. அதுதான் சிஸ்டத்துக்கு எழுந்திரு, தூங்கு என்று சொல்வது. இங்கே மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அந்த நேரடி வயரில் சேர்த்திருந்தது. திரையைப் பட்டனால் அணைத்தாலும் உள்ளே சிஸ்டமும் ரிவர்ஸ் கேமராவும் விழித்தேதான் இருக்கும். டேஷ்போர்டுக்குள் சாவியோடு கரண்ட் வரும் இணைப்பைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஃபிட்டர் அந்த நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்.

என் கட்சிக்காரர் அந்த முறுக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். "போட்டுல இப்டி செஞ்சா நடுக்கடல்ல வயர்லெஸ் செத்துப்பூடும் சார்" என்றார் பேராசிரியரிடம். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

இனி ஷோரூமுக்கு ஒரே வழிதான் பாக்கி. அந்த மியூசிக் சிஸ்டம் நாங்கள் போட்டதில்லை, வெளியே போட்டிருப்பார் என்றார்கள். அவர்களிடம் ஒரு பிடியும் இருந்தது. ஆக்சஸரி பில் ஷோரூம் பெயரில் இல்லை, வேறு ஏதோ கடைப் பெயரில் கையால் எழுதியது. அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று என் கட்சிக்காரருக்குத் தெரியாது. சேல்ஸ்காரர் கவரில் வைத்துக் கொடுத்ததோடு சரி.

இதைத் தீர்த்தது டெலிவரி போட்டோ. கார் எடுக்கும் அன்று ஷோரூம் தளத்திலேயே ரிப்பன், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்று குடும்பத்தோடு நிற்கவைத்து அவர்களே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ஒரு படத்தில் அவர் மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அதே தொடுதிரை எரிந்துகொண்டிருக்கிறது. பின்னால் ஷோரூமின் பெயர்ப்பலகை. அப்போது நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழோடு தாக்கல் செய்தோம். அதன்பிறகு அந்த வாதத்தை அவர்கள் வழக்கறிஞர் எடுக்கவில்லை.

சட்ட விஷயத்தில் ஒன்றை இளம் வழக்கறிஞர்களுக்காகச் சொல்ல வேண்டும். 2019 சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் 86-வது பிரிவு, விற்பனையாளர் பொருளில் மாற்றம் செய்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் அவர் பொறுப்பு என்கிறது. இந்த வழக்குக்கே எழுதியது போல இருக்கும். ஆனால் தீங்கு என்றால் என்ன என்று 2-வது பிரிவின் 22-வது உட்பிரிவைப் பார்க்க வேண்டும். பொருளுக்கே ஏற்படும் கெடுதியும் வெறும் பண நஷ்டமும் அதில் சேராது என்று தெளிவாக இருக்கிறது. பேட்டரி வெடித்துக் கையைச் சுட்டிருந்தால் 86-க்குப் போகலாம். பேட்டரியே செத்துப்போனால் முடியாது. ஆகவே எங்கள் புகார் சேவைக் குறைபாடு என்ற பழைய, உறுதியான தளத்தில்தான் நின்றது. பணம் வாங்கிக்கொண்டு செய்த பொருத்தும் வேலை ஒரு சேவை, அது தவறாகச் செய்யப்பட்டது. மறுபடி மறுபடி வந்தும் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காதது இரண்டாவது குறைபாடு. என் கணக்கில் முதலாவதைவிட இரண்டாவதுதான் கனமானது. வயரைத் தவறாக முறுக்குவது ஒரு ஃபிட்டரின் அவசரம். வாடிக்கையாளர் தானே கண்டுபிடித்துச் சொன்ன சோதனையை வைத்தே அவர் வாரண்டியைப் பறிப்பது ஒரு நிர்வாகத்தின் முடிவு.

கார் கம்பெனி விடுவிக்கப்பட்டது. டீலருக்கும் கம்பெனிக்கும் உள்ள உறவு இரு தனி வணிகர்களின் உறவு, டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரிந்தே நடந்தது என்று காட்டினால்தான் கம்பெனியைப் பிடிக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் கோவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கார் கசியவில்லை, கசிந்தது டீலர் போட்ட வயர் என்ற நிலையில் அந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தியது.

ஷோரூமுக்கு எதிரான உத்தரவு: மின் இணைப்பை முறைப்படி மாற்றி அமைத்து, நிபுணர் முன்னிலையில் கசிவை அளந்து காட்ட வேண்டும். புது பேட்டரி தர வேண்டும், அதன் வாரண்டி அன்றிலிருந்து தொடங்க வேண்டும். இழுவை வண்டிச் செலவு, நிபுணர் கட்டணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. இழப்பீடு நாங்கள் கேட்டதில் பாதிக்கும் கீழே. மேல்முறையீட்டுக்கு மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள் இருந்தது, போகும் முன் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். அவர்கள் போகவில்லை, பணத்தையும் கொடுக்கவில்லை. 71-வது பிரிவில் நிறைவேற்று மனு போட்டு, 72-வது பிரிவில் சிறைத் தண்டனை வரை இருக்கிறது என்று நினைவூட்டியபிறகு காசோலை வந்தது. வயரிங் மாற்றிய அன்று மீட்டர் 0.03 காட்டியதைப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டு ஆணையத்துக்கு அனுப்பினார்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குக் குறை. அந்த ஷோரூமில் அதே ஃபிட்டர் அதே மாதிரி எத்தனை காரில் முறுக்கி வைத்திருப்பார்? அவற்றையெல்லாம் அழைத்துச் சரிபார்க்க உத்தரவிட வேண்டும் என்று எழுத்துப்பூர்வ வாதுரையில் கேட்டிருந்தேன். தனி ஒருவர் கொடுத்த புகாரில் அதைக் கேட்க முடியாது, ஒரே குறை உள்ள பலர் சார்பில் என்றால் 35-வது பிரிவில் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது. சட்டப்படி சரி. ஆனால் தன் கார் ஏன் நிற்கிறது என்று தெரியாதவர், தன்னைப்போல இன்னும் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தேடிப் பிடிப்பார்?

அதை என் கட்சிக்காரர் தன் வழியில் செய்தார். ஹார்பரில் ஏலம் நடக்கும் இடத்தில் சொல்லிவைத்திருந்தார்போல. சில மாதம் கழித்து ஐஸ் வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதே ஷோரூம், அதே மியூசிக் சிஸ்டம், வெளியூர் போய்விட்டு வந்தால் செல்ஃப் எடுப்பதில்லை. புகார் எதுவும் போடவில்லை. உத்தரவின் நகலை இணைத்து ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். அந்த வாரமே ஷோரூமிலிருந்து ஆள் வந்து, பேனலைக் கழற்றி, மஞ்சளையும் சிவப்பையும் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்.